எடையைக் குறைக்கும்போது புரதம் எவ்வளவு? அதுவும் எந்த எடைக்கு?

கேள்வி: எனக்கு வயது 34, உயரம் 160 செ.மீ. மூன்று மாதங்களில் 84 கிலோவிலிருந்து 78 கிலோவுக்கு இறங்கியிருக்கிறேன். நாளொன்றுக்கு 1300 கலோரிக்கு மேல் உண்பதில்லை. வாரத்தில் நான்கு நாள் ஜிம்மில் எடைப்பயிற்சி செய்கிறேன். இறைச்சியும் மீனும் உண்பதில்லை. முட்டையும் பாலும் உண்டு. பயிற்சியாளர், "கிலோவுக்கு 2 கிராம் புரோட்டீன், ஆக 156 கிராம் வேண்டும்" என்கிறார். அம்மாவோ, சர்க்கரை நோயால் அப்பாவின் சிறுநீரகம் பழுதானதைச் சொல்லி, புரோட்டீன் பவுடரைத் தொடவே கூடாது என்கிறார். என் கணக்குப்படி இப்போது 70 கிராம் உண்கிறேன். இரண்டு வாரமாக முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. முன்பு 40 கிலோ எடையுடன் எட்டு முறை ஸ்குவாட் செய்தேன். இப்போது ஐந்துக்கு மேல் முடியவில்லை. ஜிம்மில் உள்ள கருவி 2 கிலோ தசை போய்விட்டதாகக் காட்டுகிறது. நான் எவ்வளவு புரதம் உண்ண வேண்டும்? மூன்று நாள் உணவுக் குறிப்பை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

காத்திருக்க வைக்காமல் எண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சிறுநீரகம் நலமாக இருக்கிறது என்று ஒரு பரிசோதனையில் உறுதியான பிறகு, நாளொன்றுக்கு 100 கிராமை ஒட்டிப் புரதம் உண்ணுங்கள். சில நாள்களில் அது 90 ஆகலாம், சில நாள்களில் 105 ஆகலாம். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் 75-க்குக் கீழே இறங்க வேண்டாம். 156 உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் உண்பதாக நினைக்கும் 70 கிராமையும் நீங்கள் உண்மையில் உண்ணவில்லை. அதைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பயிற்சியாளரின் கணக்கில் பெருக்கல் சரி, பெருக்கிய எடைதான் சரியில்லை. கிலோவுக்கு இத்தனை கிராம் என்னும் அளவுகள் பெரும்பாலும் அதிகப் பருமன் இல்லாத விளையாட்டு வீரர்களையும் இளைஞர்களையும் வைத்து எழுந்தவை. உடலில் புரதத்தைக் கேட்டு வாங்குபவை தசை, உள்ளுறுப்புகள், தோல், இரத்தம் முதலியன; சேமித்து வைத்த கொழுப்பு மிகக் குறைவாகத்தான் கேட்கும். எனவே உடல் பருமன் உள்ள ஒருவர் தராசு காட்டும் எடையை அப்படியே 2-ஆல் பெருக்கினால், தம் கொழுப்புக்கும் சேர்த்துப் புரதம் ஊட்டக் கிளம்பியவர் ஆகிறார். உங்கள் உயரத்துக்கு உடல் நிறைக் குறியீடு (எடையை உயரத்தோடு ஒப்பிடும் BMI) 25 ஆக இருக்க வேண்டுமானால் எடை 64 கிலோ இருக்க வேண்டும். நான் கணக்குக்கு எடுத்துக்கொள்வது இந்த 64-ஐத்தான். இதை 1.6-ஆல் பெருக்கினால் 102 கிராம் வருகிறது, 1.2-ஆல் பெருக்கினால் 77. நான் மேலே சொன்ன இலக்கும் அடிமட்டமும் இப்படி வந்தவைதாம். 156 கிராம் என்றால் 624 கலோரி; நீங்கள் உண்ணும் 1300-இல் ஏறக்குறைய பாதி அது. மீதிப் பாதிக்குள் காய், பழம், தானியம், எண்ணெய் எல்லாம் அடங்க வேண்டும் என்றால், முதலில் நார்ச்சத்து குறையும், பிறகு மலச்சிக்கல் வரும், அதன் பிறகு அந்த உணவுத் திட்டமே கைவிடப்படும். என்னிடம் வருபவர்களிடம் நான் அடிக்கடி காணும் வரிசை இது.

சரி, ஏன் 1.6? உடல்நலக் கையேடுகளில் 0.8 என்றுதானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட அறிக்கை, பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் என்று சொல்கிறது. புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். ஆகவே உணவு வழியாக உள்ளே போகும் நைட்ரஜனையும், சிறுநீர் முதலியவற்றின் வழியாக வெளியேறும் நைட்ரஜனையும் அளந்து, இரண்டும் சமமாவதற்குத் தேவையான புரதம் எவ்வளவு என்று பார்த்து அந்த எண்ணை எட்டினார்கள். இங்கே ஒரு நிபந்தனை உண்டு, அதைத்தான் பலரும் படிக்காமல் கடந்துபோகிறார்கள்: அந்த அளவு, தேவையான கலோரியை முழுமையாக உண்டு, எடை கூடாமல் குறையாமல் இருப்பவர்களுக்கு உரியது. நீங்கள் அப்படி இல்லை. கலோரி பற்றாத உடல், சேமித்த கொழுப்பை எரிப்பதோடு நிற்பதில்லை. புரதத்தின் அலகுகளான அமினோ அமிலங்களில் ஒரு பகுதியையும் குளுக்கோஸாக மாற்றி எரிபொருளாக்கிக்கொள்கிறது. முழு வயிற்றுக்கு உண்ணும்போது தசையைக் காக்கப் போதுமானதாக இருந்த அதே 60 கிராம் புரதம், அரை வயிற்றில் போதாமல் போவது இதனால்தான். உணவைக் குறைக்கும்போது எல்லாவற்றையும் அளவோடு குறைப்பதுதான் நியாயம் என்று தோன்றும். புரதத்தில் மட்டும் அந்த நியாயம் செல்லாது.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் இரண்டைச் சொல்கிறேன். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், 40 விழுக்காடு கலோரிப் பற்றாக்குறையில் இருந்தவர்களை மூன்று பிரிவாக்கிக் கிலோவுக்கு 0.8, 1.6, 2.4 கிராம் புரதம் கொடுத்தார்கள். 0.8-க்கும் 1.6-க்கும் இடையே தெளிவான வேறுபாடு இருந்தது, 1.6 பெற்றவர்களுக்குத் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடையின் இழப்பு குறைந்தது. 2.4 பெற்றவர்களுக்கு அதற்கு மேல் ஆதாயம் ஒன்றும் கிடைக்கவில்லை. மற்றொன்று, உங்கள் பயிற்சியாளர் மேற்கோள் காட்டக்கூடியது: கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு. நாற்பது இளைஞர்கள், நான்கு வாரம், 40 விழுக்காடு கலோரிக் குறைப்பு, வாரத்துக்கு ஆறு நாள் கடும் பயிற்சி. கிலோவுக்கு 2.4 கிராம் பெற்றவர்கள் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு, கொழுப்பற்ற எடையில் 1.2 கிலோ கூடவும் செய்தார்கள், 1.2 கிராம் பெற்றவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள், கொழுப்பற்ற எடையில் அநேகமாக இருந்த நிலையிலேயே நின்றார்கள். கேட்பதற்குக் கவர்ச்சியான முடிவு. ஆனால் எனக்கு அதில் பெரிதாகப் படுவது இரண்டாவது பிரிவுதான். அவ்வளவு கடுமையான பத்தியத்திலும், 1.2 கிராமும் எடைப்பயிற்சியும் சேர்ந்து அவர்களின் தசையைக் காப்பாற்றிவிட்டன. பயிற்சி இல்லாமல் புரதத்தை மட்டும் ஏற்றினால் இந்தப் பயன் பெரிதும் குறையும். ஆகவே உங்கள் நான்கு நாள் எடைப்பயிற்சியை எக்காரணம் கொண்டும் நடைப்பயிற்சியாக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

எடையைக் குறைக்காமல் இயல்பாக உண்டு எடைப்பயிற்சி செய்தவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-இல் வெளியான பகுப்பாய்விலும், தசை வளர்ச்சியின் ஆதாயம் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 கிராமை ஒட்டி நின்றுவிடுகிறது. ஏற்கெனவே கொழுப்பு மிகக் குறைந்த உடலோடு போட்டிக்குத் தயாராகும் உடற்கட்டு வீரர்களுக்கு 2-க்கு மேலும் பரிந்துரைப்பதுண்டு. அவர்கள் உடலில் எரிக்கக் கொழுப்பு மிச்சமில்லை, அதனால் தசையின்மேல் கை வைக்கும் அபாயம் கூடுதல். உங்களிடம் எரிப்பதற்கு இன்னும் இருக்கிறது.

இப்போது உங்கள் உணவுக் குறிப்புக்கு வருகிறேன். இவ்வளவு நேர்மையான குறிப்பு எனக்கு அபூர்வமாகத்தான் வருகிறது. கடலையைக்கூட எடைபோட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மூன்று நாளும் ஒரே இடத்தில் ஒரே பிழை. "பருப்பு, ஒரு கிண்ணம், 150 கிராம் – புரதம் 36 கிராம்" என்று இருக்கிறது. நூறு கிராமுக்கு 24 கிராம் என்னும் அளவை வைத்துக் கணக்கிட்டிருக்கிறீர்கள். அந்த 24, வேகவைக்காத உலர்ந்த பருப்புக்கு உரியது. பருப்பு வெந்து நீரைக் குடித்த பிறகு, அதே நூறு கிராமில் ஏறத்தாழ 9 கிராம் புரதம்தான் இருக்கும்; தண்ணீராகக் கரைத்திருந்தால் இன்னும் குறைவு. ஆக உங்கள் கிண்ணத்தில் இருந்தது 13 கிராம். மீதி 23 கிராம் தாளில் மட்டும் இருந்தது. அதைக் கழித்துவிட்டால் நீங்கள் உண்மையில் உண்பது ஏறக்குறைய 47 கிராம். 64 கிலோவுக்கு அது 0.73 தான், வயிற்றைக் கட்டாதவர்களுக்கு உரிய அளவைக்கூட எட்டவில்லை. மாலையில் தினமும் உண்ணும் 30 கிராம் நிலக்கடலையைப் "புரோட்டீன் ஸ்நாக்ஸ்" என்று குறித்திருக்கிறீர்கள். அதில் 8 கிராம் புரதம் இருப்பது உண்மை. கூடவே 170 கலோரி இருப்பதும் உண்மை. அதே 8 கிராம் ஒரு தம்ளர் கொழுப்பு நீக்கிய பாலில் 85 கலோரிக்குக் கிடைத்துவிடும். கடலை நல்ல உணவு. நான் அதற்கு எதிரி அல்ல. அதைக் கொழுப்புக் கணக்கில் எழுதுங்கள், அவ்வளவுதான்.

ஸ்குவாட் எட்டிலிருந்து ஐந்தாகக் குறைந்ததற்கும் இந்த 47-க்கும் தொடர்பு இருக்கலாம். ஆனால் முதல் குற்றவாளி 1300 கலோரிதான் என்று நான் கருதுகிறேன். உங்கள் வயது, உயரம், எடை, பயிற்சி இவற்றை வைத்துக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு நீங்கள் செலவிடுவது சுமார் 2000 முதல் 2100 கலோரி. அதிலிருந்து 500 குறைத்தாலே போதும். எனவே 1500 முதல் 1600 வரை உண்ணுங்கள். எடை இறங்கும் வேகம் சற்று மட்டுப்படும். மட்டுப்படட்டும். கூடும் அந்த 200, 300 கலோரியில் பெரும்பகுதியைப் புரதத்துக்கே கொடுத்துவிடலாம்.

அசைவம் இல்லாமல் 100 கிராமை எட்ட முடியுமா என்பது உங்கள் அடுத்த கவலை. முடியும், ஆனால் ஒவ்வொரு வேளையிலும் புரதம் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டு, மற்றதைப் பிறகு பரிமாற வேண்டும். எடுத்துக்காட்டாக, காலையில் இரண்டு முழு முட்டையும் மூன்று முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்தால் 23 கிராம். நண்பகலில் கெட்டியாக வேகவைத்த பருப்போ கொண்டைக்கடலையோ 200 கிராம், ஒரு சிறு கிண்ணம் தயிர், கொஞ்சம் சோறு என்றால் 24 கிராம் வரும். பயிற்சி முடிந்த மாலையில் ஒரு பெரிய தம்ளர் கொழுப்பு நீக்கிய பாலில் ஒரு ஸ்கூப் பவுடர் கலந்தால் 32 கிராம். இரவில், உலர்ந்த நிலையில் 30 கிராம் எடையுள்ள சோயா உருண்டைகளைக் காயோடு சமைத்து இரண்டு துண்டு ரொட்டியுடன் உண்டால் 20 கிராம். மொத்தம் 99, இதற்கெல்லாம் சேர்த்து 1100 கலோரிக்குள்தான் ஆகிறது. காய், பழம், எண்ணெய், அந்தக் கடலை எல்லாவற்றுக்கும் 400-க்கு மேல் மிச்சம். இதை ஒரே நாளில் தொடங்காதீர்கள். 47-லிருந்து 100-க்குத் தாவினால் வயிறு உப்பும். முதல் இரண்டு வாரம் 75, பிறகு மெல்ல மேலே. பயனில் பெரும்பங்கு இந்த முதல் ஏற்றத்திலேயே கிடைத்துவிடும்.

பவுடர் என்பது பெரும்பாலும் பாலிலிருந்து பிரித்த புரதத்தை உலர்த்தியது. மருந்தும் அல்ல, நஞ்சும் அல்ல. பால் ஒத்துக்கொள்ளும் உடலுக்கு அது ஒரு வசதி மட்டுமே. ஒரு ஸ்கூப்பை வைத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் அதன் இடத்தில் வடிகட்டிய கெட்டித் தயிரைக் கூட்டிக்கொள்ளலாம். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் வீண் என்று சொல்லப்படுவதைப் பொருட்படுத்த வேண்டாம். நாளின் மொத்த அளவே முதன்மையானது. ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல் உடல் ஏற்காது என்பதும் சரியல்ல, அதிகமாக உண்டதை உடல் கூடுதல் நேரம் எடுத்துச் செரித்துப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆனாலும் வேளைக்கு 20 முதல் 30 கிராம் என்று பிரித்துக்கொண்டால் பசி அடங்கியிருக்கும். பத்தியம் இருப்பவர்களுக்கு அது சிறிய உதவி அல்ல.

அம்மாவின் அச்சத்தை நான் ஒதுக்க மாட்டேன். நலமான சிறுநீரகம் உள்ளவர்களுக்கு இந்த அளவுப் புரதம் அதைப் பழுதாக்கும் என்பதற்கு ஆய்வுகளில் சான்று இல்லை. வடிகட்டும் வேகம் சற்றுக் கூடுகிறது, இரத்தத்தில் யூரியா சற்று ஏறுகிறது, இவை அதிகப் புரதத்துக்கு உடல் காட்டும் இயல்பான எதிர்வினைகள். ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தின் கதை வேறு. அங்கே புரதத்தை 0.8-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ மருத்துவர் கட்டுப்படுத்துவார். 100 கிராம் அங்கே பொருந்தாது. சிக்கல் என்னவென்றால், சிறுநீரக நோய் தொடக்கத்தில் எந்த வலியும் அறிகுறியும் தராது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய், உங்களுக்கு உடல் பருமன். எனவே நீங்கள் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும். இரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள், அதிலிருந்து கணக்கிடும் வடிகட்டும் திறன், சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகிய நான்கையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கிரியாட்டினினை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஜிம்மில் யாராவது கிரியாட்டின் என்னும் வேறொரு பவுடர் கொடுத்து நீங்கள் அதையும் எடுத்துக்கொண்டிருந்தால், சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே அந்த எண் உயர்ந்து காட்டும்; பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

அதே இரத்தத்தில் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் தைராய்டையும் பார்த்துவிடலாம். வேகமாக எடை இறங்கிய இரண்டு, மூன்று மாதத்தில் முடி மொத்தமாகக் கொட்டுவது பலருக்கும் நேர்வது; கலோரியும் புரதமும் ஒருசேரக் குறைந்ததால் நிறைய முடிவேர்கள் ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடுகின்றன. உங்கள் காலக்கணக்கு அதற்கு அப்படியே பொருந்துகிறது. உணவு சீரானதும் பெரும்பாலும் திரும்ப முளைக்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டுக் கோளாறோ கூட இருந்தால் புரதத்தை எவ்வளவு கூட்டினாலும் முடி கொட்டுவது நிற்காது. அதற்காகத்தான் இந்தச் சோதனை.

ஜிம் கருவி காட்டிய 2 கிலோ தசை இழப்பைக் கண்டு கலங்க வேண்டாம். அது உடலுக்குள் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடலில் உள்ள நீரை வைத்து ஊகிக்கும் கருவி. மாவுச்சத்தைக் குறைத்தவுடன் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேமித்த மாவுச்சத்து குறைகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால் அந்த நீரும் சேர்ந்து போகிறது. கருவி அதையும் "தசை" என்றே எழுதிவிடும். தண்ணீர் குடித்துவிட்டு நின்றீர்களா, வியர்த்துக் களைத்து நின்றீர்களா என்பதற்கே எண் மாறும். கருவியைவிட உங்கள் ஸ்குவாட் குறிப்பேட்டை நான் நம்புவேன். உணவை மாற்றிய ஆறு வாரத்தில் 40 கிலோவுடன் ஐந்து மறுபடியும் ஏழு, எட்டு ஆகிறதா, இடுப்புச் சுற்றளவு குறைகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஆகிறதென்றால், தராசு வாரத்துக்கு 400 கிராம் மட்டும் இறங்கினாலும் இழப்பில் பெரும்பகுதி கொழுப்பு என்று கொள்ளலாம். ஸ்குவாட் இன்னும் இறங்கிக்கொண்டே போனால் புரதத்தைக் கூட்டாதீர்கள். தூக்கத்தையும் கலோரியையும் பாருங்கள்.

இன்னொன்று: நீங்கள் 70 கிலோவுக்கு வந்தாலும் இந்த 100 கிராம் அப்படியே இருக்கட்டும். 64-ஐ வைத்துக் கணக்கிட்டதால், தராசு இறங்குந்தோறும் புரதத்தையும் குறைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. எடைக் குறைப்பை நிறுத்தி, முழுக் கலோரிக்குத் திரும்பிய பிறகு 80 கிராமை ஒட்டி நின்றாலும் போதும். அதுவரை, பருப்பை வேகவைப்பதற்கு முன்பே எடைபோட்டுவிடுங்கள்.